றெஜினாவின் ட்ரொம்போனும் அப்பப்பாவின் கசற்றும்

செய்தி வந்தபோது நான் ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் ஒரு புது வீட்டின் பேஸ்மென்றில் முழங்காலில் நின்றிருந்தேன். வீட்டைச் சூடாக்கும் இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். கை முழுக்கக் கரி. தொலைபேசி மூன்று தரம் அடித்து ஓய்ந்து, நான்காம் தரமும் அடித்தது. விடாமல் அடிக்கும் தொலைபேசியில் நல்ல செய்தி வருவதில்லை. எடுத்தேன். றெஜினாவின் தங்கை அனிற்றா பேசினாள்.

"குமார் அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. இண்டைக்குக் காலமை."

"எந்த அக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு இருந்ததே ஒரு அக்காதான். இப்படிப்பட்ட மடத்தனம் எனக்கு அவசரமான நேரங்களில்தான் வாய்க்கும். அனிற்றா கோபிக்கவில்லை. எட்டு மாதமாக நோய் என்றும், ஆருக்கும் சொல்லக்கூடாது என்று அக்கா கட்டளை போட்டிருந்தாள் என்றும் சொன்னாள். முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்றும் கேட்டாள்.

"எவ்வளவு எழுதிறது?"

"விரும்பின அளவு எழுதுங்கோ. ஆனா நடந்ததை எழுதுங்கோ அண்ணை. நல்லவ, வல்லவ எண்டு எழுத வேற ஆக்கள் இருக்கினம்."

அன்று அந்த இயந்திரத்தின் மூடியைப் பூட்டாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்காரர் பின்னேரம் அழைத்துச் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டது நியாயம்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவள் பஸ் ஓட்டிய றெஜி அக்கா. கோவில் திருவிழாவில் வாகனங்களை ஒழுங்காக நிறுத்த வைப்பதற்குக் கத்துகிற றெஜி அக்கா. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். எனக்கும் கஜனுக்கும் டெவனுக்கும் அவள் வேறு ஆள். தொண்ணூறுகளின் நடுவில், மோர்னிங்சைட் என்ற பகுதியில், பதினாறு பதினேழு வயதில் நாங்கள் நாலு பேரும் நடத்திய 'லேட் ஸ்லிப்' என்ற இசைக்குழுவில் ட்ரொம்போன் என்ற நீளப் பித்தளைக் குழல் வாசித்தவள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வருகிறவர்களுக்குக் கொடுக்கும் துண்டின் பெயர் அது. எங்கள் நாலு பேருடைய பையிலும் அது கட்டுக்கட்டாக இருந்தது. அவளை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண்ணின் தலையில் நான் ஒரு பழியைப் போட்டேன். அது பொய்ப்பழி என்று எனக்குத் தெரிய வந்து இரண்டு வருடமாகிறது. இரண்டு வருடமும் நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.

நான் அவளை முதலில் பார்த்தது பஸ்ஸில். மரக்கட்டை நீளத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல் நின்றாள். இருக்க இடம் இருந்தும் நின்றாள். அவளுக்கு இருக்கவே வராது. பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் அன்ரி ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "பிள்ளை, உதுக்குள்ள என்ன?" அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "உதுக்குள்ள என்ர வாய் கிடக்கு அன்ரி." அன்ரி அடுத்த தரிப்பிடம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சிரித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன பல்லு?" என்றாள். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியங்கள் கொடுத்த நாளில் பெண் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழலையும் கிளாரினெற்றையும் நீட்டினார்களாம். இவள் சுவரோரம் போய், இருப்பதில் நீளமானதைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். ஏன் என்று நான் பிறகு கேட்டேன். "சின்னச் சாமானை வாசிச்சா சின்னனாத்தான் நிக்கச் சொல்லுவினம்" என்றாள். மன்னாரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகாத பிள்ளை. வீட்டில் தகப்பன் இல்லை. தாய் இரண்டு வேலை. வாசிக்கும்போது கன்னம் இரண்டும் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கும். அவளுடைய அம்மாவுக்கு அதுதான் கவலை. "வாயெல்லாம் கோணிப் போகும், ஆர் கட்டுவான்" என்று புலம்புவார். றெஜினா அதற்கும் பதில் வைத்திருந்தாள். அதை இந்த மலரில் அச்சடிக்க முடியாது.

ஸ்கா எங்களுக்கு டெவனால் வந்தது. டெவன் எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடி. யமேக்காக் குடும்பம். அவனுடைய மாமனிடம் பழைய இசைத்தட்டுகள் நிறைய இருந்தன. றெகே எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பிறந்தது ஸ்கா, அண்ணன்காரன், அவசரக்காரன். தாளம் விழுகிற இடத்தில் கிற்றார் விழாது. அதற்கும் அடுத்த தாளத்துக்கும் இடையில், சக் சக் என்று வெட்டி விழும். அதற்கு மேலே குழல் வாத்தியங்கள் சண்டைக்கு வருகிற மாதிரி வரும். கால் தானாக எழும்பும். முதல் தட்டு முடியும் முன்னே றெஜினா எழும்பி நின்றாள். "இது எங்கட பைலா மாதிரி இருக்கடா. ஆனா கோவமா இருக்கு" என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும், டெவன் பைலா என்றால் என்ன என்று கேட்டான். எங்கள் ஊர்க் கலியாண வீட்டு ஆட்டப் பாட்டு என்று கஜன் மேசையில் தட்டிக் காட்டினான். அந்தப் பின்னேரமே இசைக்குழு தொடங்கிவிட்டது. டெவனுக்கு பேஸ் கிற்றாரும் பாட்டும், கஜனுக்கு ட்ரம்ஸ், எனக்குக் கிற்றார், அவளுக்கு ட்ரொம்போனும் அதிகாரமும்.

நாங்கள் பயிற்சி செய்தது கட்டடத்தின் கீழ்மாடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில். ஞாயிறு மத்தியானத்தில் அங்கே பதினாறு இயந்திரங்கள் ஓடும். அந்தச் சத்தத்தில் எங்கள் சத்தம் கேட்காது என்பது கஜனுடைய கணக்கு. கணக்குப் பிழை. ஆனால் உடுப்பு மடிக்க வந்த பெண்கள் எங்களை அடித்து விரட்டவில்லை. ஒரு சோமாலியத் தாய் தன் குழந்தையைத் தூக்கி வைத்து ஆட்டுவார். றெஜினா எப்போதும் வேகமாகப் போவாள். கஜன் ஓடிப் பிடிக்க முடியாமல் கத்துவான்: "மெதுவா எடு, மெதுவா எடு!" அவள் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, "மெதுவா வாசிக்கிறதெண்டா வீட்டை போய் நித்திரை கொள்ளு" என்பாள். அவள் ஒரு பாட்டைக்கூடச் சொன்ன வேகத்தில் முடித்ததை நான் கேட்டதில்லை.

எங்களுடைய முதல் மேடை ஒரு கோவில் திருவிழாவின் கலை நிகழ்ச்சி. இரண்டு நடனங்களுக்கு நடுவில் பத்து நிமிடம். ஒலிவாங்கி பிடித்தவர் எங்களைப் 'பாண்ட் வாத்தியக் குழு' என்று அறிவித்தார். மூன்றாம் வரிசையில் இருந்த அங்கிள்மார் முதலில் காதைப் பொத்தினார்கள். பிறகு ஒருவர், "டேய், பைலா!" என்று எழும்பினார். அவ்வளவுதான். கழுத்துப்பட்டியோடு பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் வந்து, கையைத் தூக்கி, இடுப்பை ஒடித்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. நாங்கள் என்னவோ பெரிய ஸ்காக்காரர்கள் என்று நினைத்து வந்தால், இவர்கள் கலியாண வீட்டு ஆட்டம் ஆடுகிறார்கள். முடிந்து வெளியே வந்ததும், "இதுகளுக்கு ஒண்டும் விளங்காது" என்று பொரிந்தேன். றெஜினா வாத்தியத்திலிருந்து எச்சிலை நிலத்தில் வடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆடினவையெல்லோ? ஆடுறவன் என்ன பேரில ஆடினா உனக்கென்ன?"

இனிப் பழிக்கு வருகிறேன்.

அந்த வருடக் கோடையில் ஏரிக்கரையில் இளையோர் இசைக்குழுக்களுக்கு ஒரு நாள் மேடை கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். ஒரு கசற் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். பள்ளிக்கூடத்திலிருந்து பதிவு இயந்திரம் ஒன்றை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கி, அதே உடுப்பு அறையில், இயந்திரங்கள் எல்லாம் நிற்கும் ஒரு மணித்தியாலத்தைக் காத்திருந்து பிடித்து, ஆறு பாட்டுப் பதிந்தோம். மூன்றாம் பாட்டில் றெஜினாவுக்குத் தனி வாசிப்பு. அதைக் கேட்டுவிட்டு அவள் முகம் கறுத்துப் போனாள். "பன்றி கத்திற மாதிரிக் கிடக்கு. உதை வெளியில விட்டா நானே உடைப்பன், சொல்லிப்போட்டன்." நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்தோம். அரை மனதோடு அடங்கினாள். பள்ளிக்கூடத்தின் இயந்திரத்தையும் அதன் நாடாவையும் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வகுப்பு அதன்மேலேயே வேறு என்னவோ பதிந்தது. எங்களிடம் மிஞ்சியது நான் எடுத்த பிரதிகள் மட்டும்.

அந்தப் பிரதிகளை எதில் எடுத்தேன் என்பதுதான் விஷயம். அப்போது எங்கள் அப்பப்பா காலமாகி மூன்று கிழமை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முப்பத்தோராம் நாள் வந்தவர்களைச் சாப்பாடு மட்டும் போட்டு வெறுங்கையாக அனுப்புவதில்லை. இறந்தவரின் படம் போட்ட, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகமோ வேறு ஏதாவதோ கையில் கொடுப்பார்கள். அப்பாவுக்குத் தன் தகப்பனைப் புதுமாதிரியாக வழியனுப்ப வேண்டும் என்று ஆசை. சின்னமாமா பாடிய தேவாரத்தைக் கசற்றில் போட்டு, அப்பப்பாவின் படத்தை மேலட்டையில் அச்சடித்துக் கொடுக்கத் தீர்மானித்தார். இரட்டைக் கசற் இயந்திரம் என்னிடம் இருந்தது. "நீதானே எந்த நேரமும் கசற்றோட கிடக்கிறாய், நீ பதி" என்று ஒரு பெட்டி வெற்றுக் கசற்றுகளை என் முன்னால் வைத்தார். தேவாரத்தைப் பதிந்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் அதிலேயே ஒரு முப்பதை எடுத்து எங்கள் ஆறு பாட்டையும் பதிந்து, இன்னொரு பெட்டியில் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரிக் கசற், ஒரே மாதிரிப் பெட்டி. எங்கள் பெட்டியை வெள்ளிக்கிழமை றெஜினா வந்து எடுத்துப் போய், தன் வீட்டில் மேலட்டை போட்டு, திங்கள் ஒன்றை அனுப்புவதாகப் பேச்சு.

சனிக்கிழமை மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் நடந்தது. நான் சோற்றுச் சட்டி தூக்கினேன், கதிரை தூக்கினேன். ஞாயிறு றெஜினாவைக் கேட்டால் பெட்டி அவளிடம் இல்லை. வெள்ளிக்கிழமை வந்ததாகவும், வாசலில் ஐம்பது சோடிச் செருப்புக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, செத்தவீட்டுக்குள் புகுந்து கசற் தேட மனமில்லாமல் திரும்பிப் போனதாகவும் சொன்னாள். வீட்டில் தேடினேன். மேசையில் ஒரு பெட்டியில் கொஞ்சக் கசற் மிஞ்சிக் கிடந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். எல்லாம் தேவாரம். எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அதில் எனக்கு அதிசயம் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உடைப்பன் என்றாளே, உடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, மோர்னிங்சைட் பஸ் தரிப்பிடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் அவளைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத மாட்டேன். 'கள்ளி' என்றேன். ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் எங்கள் எல்லோருடைய பாட்டையும் குப்பையில் போட்டுவிட்டாய் என்றேன். கஜன் என் கையைப் பிடித்து இழுத்தான். றெஜினா கத்தவில்லை. அவள் கத்தாமல் நின்றதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"நான் எடுக்கேல்ல. ஒருக்காத்தான் சொல்லுவன்."

பஸ் வந்தது. அவள் அதில் ஏறவில்லை. அடுத்ததில் வந்தாள். மேடைக்கு நாங்கள் எதையும் அனுப்பவில்லை. இசைக்குழு அன்றோடு முடிந்தது. அந்தக் கோடையில் டெவன் குடும்பத்தோடு விட்பி என்ற தூர ஊருக்குப் போனான்.

இடையில் வந்த வருடங்களில் நாங்கள் சண்டைக்காரராகவும் இருக்கவில்லை. கலியாண வீடுகளில் ஒருவரையொருவர் கண்டால் தலையை ஆட்டுவோம். அதைவிட மோசமான ஒன்று இல்லை. அவள் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் பனிக்கு ஒதுங்கி ஓடிப்போய் ஏறினால், சாரதி இருக்கையில் றெஜினா. நீலச் சட்டை, குட்டைத் தலைமயிர். இந்த உலகத்தில் இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத பெண் அவள். அவளை இருத்தி வைக்க நாற்பதடி பஸ் தேவைப்பட்டிருக்கிறது. நான் என்னவோ சொல்ல வாய் எடுத்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "உள்ளுக்குப் போங்கோ, பின்னால இடம் கிடக்கு" என்றாள். என்னை வாழ்க்கையில் 'டேய்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதவள். அந்தப் 'போங்கோ' என்னைப் பின்வரிசை வரை தள்ளிக்கொண்டு போனது. என் இடம் வர மூன்று தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் சின்னம்மா மோர்னிங்சைட் வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரௌவ்வில்லில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றப் போனபோது ஒரு கசற்றை என் கையில் வைத்தார். மேலட்டையில் அப்பப்பா, நெற்றி நிறைய விபூதி. "எறிய மனம் வரேல்ல மோனை. நீ வைச்சிரு." வீட்டுக் கராஜில் இருந்த பழைய இயந்திரத்தில், சின்னமாமாவின் குரலைக் கேட்போம் என்று போட்டேன். கஜனுடைய குச்சி நாலு தரம் தட்டியது. பிறகு என் கிற்றார். பிறகு அவள். நான் ஒரு பெயின்ற் வாளியின் மேல் இருந்து அழுதேன். மனைவி வந்து, யார் செத்தது என்று கேட்டாள்.

விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் கதிரை எடுக்கப் போயிருக்க, வீட்டுக்கு வந்திருந்த அன்ரிமார் மேசையைச் சுற்றி இருந்து, கைக்கு வந்த கசற்றுக்கெல்லாம் அப்பப்பாவின் படத்தைச் செருகியிருக்கிறார்கள். முதலில் எங்கள் பெட்டி. அது முடிய மற்றது. மேலட்டை முடிந்ததும் எழும்பிவிட்டார்கள். எங்கள் முப்பது கசற்றும் மண்டபத்தில் சாப்பாட்டுப் பொதிகளோடு வீடு வீடாகப் போய்விட்டன.

சின்னம்மாவுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். "சின்னம்மா, நீங்கள் உதைப் போட்டுக் கேட்டனீங்களோ?"

"ஓம், அப்பவே கேட்டனாங்கள்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? தேப்பனைப் பறிகுடுத்திட்டு நிக்கிற மனிசனிட்ட, உங்கட கசற்றில கூத்தல்லோ கேக்குது எண்டே சொல்லுறது? சின்னையா சொன்னார், உன்ர அப்பப்பா இளந்தாரியா இருக்கேக்க பைலாவுக்கு நல்லா ஆடினவராம், அதை நினைச்சுப் போட்டிருப்பினம் எண்டு."

பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு, அன்று மண்டபத்துக்கு வந்தவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டிலும் எறியவில்லை. படம் இருக்கிறதே, இறந்த மனிதரைக் குப்பையில் போட எங்கள் ஆட்களுக்குக் கை வராது. கேட்டவர்கள் எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் சாமியறையில், கசற்றின் மேல் குங்குமப் பொட்டு. "வெள்ளிக்கு வெள்ளி பூ வைப்பன், போட்டுக் கேக்கிறேல்லத் தம்பி" என்றார் அந்த அன்ரி. அதற்குள் இருந்தது ஸ்கா. பதினாலு வீட்டில் எங்கள் கசற் ஆறு கிடைத்தது; மற்ற வீடுகளில் இருந்தது தேவாரம். ஐந்து பாட்டு நன்றாக இருந்தன. மூன்றாம் பாட்டு, அவளுடைய தனி வாசிப்பு, எல்லாவற்றிலும் எங்கேயாவது நாடா சுருங்கி இழுபட்டது.

அதையே சாட்டாக வைத்துக்கொண்டேன். மூன்றாம் பாட்டும் முழுதாகக் கிடைக்கட்டும், ஆறையும் ஒன்றாகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்போம், அப்போது பேசுவோம் என்று சொல்லிக்கொண்டேன். கஜனுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன் திட்டினான். "டேய், பாட்டைப் பிறகு குடு. மன்னிப்பை முதல் கேளு."

"வாற கிழமை போறன்" என்றேன்.

வாற கிழமை, வாற கிழமை என்று நூறு கிழமை போனது. பயம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. அந்த நூறு கிழமைக்குள்தான் அவளுக்கு நோய் வந்து, அவளைக் கொண்டுபோனது.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று அனிற்றா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கைப்பையிலிருந்து ஒரு கசற்றை எடுத்தாள். மேலட்டையில் அப்பப்பா.

"அம்மாவுக்கு உங்கட வீட்டுச் சாப்பாட்டோட தந்தது. அக்கா அந்தக் கிழமையே போட்டுக் கேட்டவ."

"அந்தக் கிழமையே தெரியுமோ? பிறகேன் சொல்லேல்ல?"

"நானும் கேட்டனான். 'அப்பப்பாவின்ர கசற்றில விளையாடினவன் எண்டு தெரிஞ்சா தேப்பன் அவனைத் தோலை உரிச்சுப் போடுவார். அந்த மனிசனும் பாவம், துக்கத்தில நிக்குது' எண்டா."

"எனக்குத் தனியவாவது சொல்லியிருக்கலாமே அனிற்றா."

"அதையும் கேட்டனான் அண்ணை. 'நான் எடுக்கேல்ல எண்டு சொல்லிப்போட்டன். கசற்றைக் கொண்டுபோய்க் காட்டினா அவன் கசற்றைத்தான் நம்புவான், என்னை இல்லை' எண்டா."

உண்மையைச் சொல்லச் சொன்னார்கள், சொல்கிறேன். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. இத்தனை வருடமும் எங்களுக்குள் கிடந்த பழியை ஒரு நிமிடத்தில் தீர்க்கிற சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறாள். என்ன வீம்பு! எழும்படி, இரண்டில் ஒன்று பேசி முடிப்போம் என்று சொல்ல வாய் உன்னியது. கஜன் வந்து தோளில் கை வைத்தான். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அவள் சொல்லாமல் விட்டது இரக்கமா, வீம்பா, இரண்டுமா என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். யோசித்து முடியவில்லை. வண்டி ஓட்டும்போது தெருவைத் தவற விடுகிறேன்.

அந்தக் கசற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். அதில் மூன்றாம் பாட்டு ஒரு இழுப்பும் இல்லாமல் முழுதாக இருக்கிறது. பன்றி கத்தவில்லை. அவள் வழக்கம்போல எங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறாள், கஜன் பின்னால் துரத்துகிறான், கடைசியில் நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்க அவளிடம் போய்ச் சேருகிறோம். நன்றாக வாசித்திருக்கிறாள். மிக நன்றாக வாசித்திருக்கிறாள். இப்போது ஆறு பாட்டும் முழுதாகிவிட்டன. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை.

பிரதி எடுத்துக்கொண்டு கசற்றை அனிற்றாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது அந்த வீட்டுப் பொருள். ட்ரொம்போனை அனிற்றாவின் மகள் எடுத்துக்கொண்டாள். பாட்டுகள் நாலு பேருக்கும் பொது; கேட்க விரும்புகிறவர்கள் கஜனிடம் சொல்லுங்கள், அனுப்பி வைப்பான்.

அன்று அந்தப் பஸ் தரிப்பிடத்தில் நின்ற சிலர் இன்று இந்தப் பூசைக்கு வந்திருப்பீர்கள். நான் கத்தியதையும் கேட்டீர்கள், அவள் சொன்னதையும் கேட்டீர்கள். நான் அதிகம் கத்தியதால் என்னை நம்பினீர்கள். உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: றெஜினா அதை எடுக்கவில்லை, உடைக்கவில்லை. அவள் கள்ளி இல்லை.

எனக்கென்று நான் வைத்திருப்பது அவளோடு பேசிய கடைசி நல்ல பேச்சு. இதை மனைவிக்கும் சொன்னதில்லை, கஜனுக்கும் சொன்னதில்லை, மேலே இவ்வளவு எழுதியும் உங்களுக்கும் சொல்லாமல் வந்தேன். அப்பப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். "டேய், நாளைக்கு உங்கட வீடு முட்ட ஆக்கள் நிப்பினம். பெட்டியை மேசையில விடாத. உன்ர அறைக்குள்ள கொண்டுபோய் வை, நான் வந்து எடுக்கிறன்" என்றாள். "ஓம் ஓம், நீ வா" என்றேன். மறந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் காணவில்லை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேச்சுத்தான். ஞாபகம் வந்தபடியால்தான் மறுநாள் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.